எண்ணிக்கை ஏறியது, வேலை இறங்கியது: காப்பீட்டு அலுவலகத்தில் ஆட்களை எதுதான் நன்றாக வேலை பார்க்க வைக்கிறது?

புதுத்தலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடம் விற்பனைப் பக்கம் இருந்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கிளைம் பிரிவுக்கு டீம் லீடராக மாற்றிவிட்டார்கள். மொத்தம் 14 பேர். மருத்துவக் கிளைம், வாகனக் கிளைம் இரண்டும் வரும், அதோடு முகவரி மாற்றம், நாமினி மாற்றம் மாதிரி உதிரி வேலைகளும் எங்கள் தலையில்தான்.

விற்பனையில் எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் இன்சென்டிவ். அதையே இங்கேயும் போட்டேன். ஒருவர் எத்தனை ஃபைல் முடிக்கிறாரோ அதற்குத் தக்கபடி மாதக் கடைசியில் ஒரு தொகை, முதல் மூன்று பேரின் பெயர் சுவர்ப் பலகையில். முதல் மாதம் எண்ணிக்கை துள்ளிக்கொண்டு ஏறியது, மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டாவது மாதம் புகார்க் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மூன்றாவது மாதம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஃபைலைத் திறந்து பார்க்காமலேயே "இன்னும் ஒரு ஆவணம் தேவை" என்று ஒரு கடிதம் தட்டிவிட்டால் எங்கள் சிஸ்டத்தில் அது நிலுவைப் பட்டியலிலிருந்து இறங்கிவிடும், முடித்த ஃபைலாகக் கணக்கில் ஏறிவிடும். கிளைம் கேட்டவர் அலைந்து திரிந்து அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அது புது ஃபைல். முடித்தால் இன்னொரு எண்ணிக்கை. ஒரே கிளைமில் மூன்று முறை எண்ணிக்கை பார்த்தவர்கள் என் டீமில் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை, ஏனென்றால் விதியை எழுதியது நான்.

இதில் இன்னொரு வேதனை. சிக்கலான கிளைம் எதுவாக இருந்தாலும் ஒரு பெண்ணிடம்தான் போகும், அவ்வளவு பொறுமையாகப் பார்ப்பார். சிக்கலானது என்றால் நேரம் பிடிக்கும் அல்லவா, பலகையில் அவர் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. போன வாரம் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதே டீமில் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற பெரியவர் ஒருவர், இன்சென்டிவ் படிவத்தில் கையெழுத்துப் போடவே மறந்துவிடுவார், ஆனால் அவர் முடித்த ஃபைல் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. எப்படி சார் என்று கேட்டேன். "பழக்கம் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

மாதக் கடைசிக்குள் புதுத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். பணத்தைக் கூட்டுவதா, குறைப்பதா, பலகையைக் கழற்றுவதா? இந்தத் துறையில் ஒருவரை உண்மையாக நன்றாக வேலை பார்க்க வைப்பது எது? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


முப்பதுவருடக்கிளைம் எழுதியது:

தம்பி, நீங்கள் மாட்டிக்கொண்ட பொறி புதிதல்ல. ஸ்டீவன் கெர் என்பவர் 1975-இல் எழுதிய ஒரு கட்டுரை மேலாண்மைப் படிப்பில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்குப் பரிசு கொடுத்துவிட்டு வேறொன்றை எதிர்பார்க்கும் முட்டாள்தனம் பற்றியது. அதில் வருகிற உதாரணங்களில் ஒன்று காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவேதான். அங்கே துல்லியத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? திரும்பி வந்த காசோலை எத்தனை, வந்த புகார்க் கடிதம் எத்தனை என்று எண்ணினார்கள். குறைத்துக் கொடுத்தால் பாலிசிதாரர் சண்டைக்கு வருவார், கூட்டிக் கொடுத்தால் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஊழியர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி, சந்தேகமா, கொடுத்துத் தள்ளு. சம்பள உயர்விலும் அதே கூத்து. மிகச் சிறந்தவருக்கும் அடுத்த நிலையில் இருப்பவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம், ஆனால் ஆறு மாதத்தில் மூன்று முறை தாமதமாக வந்தாலோ வராமல் போனாலோ அடுத்த உயர்வு முழுவதுமே போய்விடும். அப்புறம் என்ன, மூளையைக் கொடுப்பதைவிட நேரத்துக்கு வந்து உட்காருவது லாபம் என்று ஆகிவிட்டது.

உங்கள் இடத்தில் நடந்தது அதன் மறுபக்கம். அங்கே கொடுத்துத் தள்ளினார்கள், இங்கே கடிதம் போட்டுத் தள்ளுகிறார்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒரு சின்னப் பட்டறை தீப்பிடித்து எரிந்த கிளைம். உரிமையாளர் இயந்திரத்துக்கும் கூரைக்கும் மட்டும் கேட்டிருந்தார். நான் பாலிசியை எழுத்து விடாமல் படிக்கிற ஆள், அந்த வயதில் அது ஒரு கிறுக்கு. இடிபாட்டை அள்ளி அப்புறப்படுத்துகிற செலவுக்கும் அந்தப் பாலிசியில் இடம் இருந்தது. மனிதர் கேட்கவே இல்லை, அவருக்குத் தெரியாது. நான் சேர்த்துக் குறிப்பு எழுதினேன். மேசைக்கு எதிரில் இருந்தவர் "கேட்காததை எதற்குக் கொடுக்கிறாய், உன் அப்பன் வீட்டுப் பணமா" என்றார். ஃபைல் மேலே போனது. அப்போது இருந்த மேலாளர் அதிகம் பேசாதவர், வாரக் கூட்டத்தில் என் குறிப்பை முழுசாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. "கிளைம் குறிப்பு இப்படி எழுத வேண்டும்" என்று மட்டும் சொல்லி அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டார்.

அதற்கு அப்புறம் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு பாலிசியைக்கூட நான் அரைகுறையாகப் படித்ததில்லை. அந்த வருடம் என்ன போனஸ் வந்தது என்று கேட்டால் சத்தியமாக நினைவில்லை.

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-இலேயே பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். சம்பளம், மேற்பார்வை, அலுவலக விதிமுறை இதெல்லாம் சரியில்லை என்றால் மனிதன் வெறுத்துப் போவான், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே அவன் உற்சாகமாகிவிட மாட்டான், உற்சாகம் வேலைக்குள்ளிருந்துதான் வரும் என்று. அவர் ஆராய்ச்சி செய்த முறையில் குறை சொன்னவர்களும் நிறைய உண்டு. ஆனால் கிளைம் மேசையில் முப்பது வருடம் நான் கண்டது ஏறக்குறைய அதுதான்.

உங்கள் பெரியவர் "பழக்கம்" என்று சொன்னதை அப்படியே விட்டுவிடாதீர்கள். யாரோ ஒருவர் அவரிடம் அந்தப் பழக்கத்தை உண்டாக்கியிருப்பார். யார் என்று கேளுங்கள்.


கதவுதட்டி எழுதியது:

மேலே எழுதியிருக்கும் பெரியவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை எல்லாருக்கும் பொதுவாக்க முடியாது. மாதச் சம்பளம் வருகிறவர்கள் "பணம் உற்சாகம் தராது" என்று பேசுவது சுலபம் சார். நான் ஏஜென்ட்டாக ஆரம்பித்து இப்போது 20 ஏஜென்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஆயுள் காப்பீட்டை யாரும் தானாகக் கடைக்கு வந்து வாங்குவதில்லை. சாவைப் பற்றிப் பேசி, அதற்குப் பணம் கட்டச் சொல்லி ஒருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பத்துப் பேரைப் பார்த்தால் ஒன்பது பேர் வேண்டாம் என்பார்கள். அந்த ஒன்பதையும் தாங்கிக்கொண்டு பதினோராவது ஆளிடம் போக வைப்பது கமிஷன்தான். அதைக் கையில் வாங்கும்போது அது வெறும் பணமாகவும் தெரியாது, இத்தனை பேர் என்னை நம்பினார்கள் என்கிற கணக்காகத் தெரியும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கமிஷன் எல்லாருக்கும் ஒன்றுதான், அப்படி இருந்தும் ஒருவர் நிற்கிறார், ஒருவர் ஓடிவிடுகிறார். மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் 1980-களில் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் ஏஜென்ட்களை வைத்து இதைத்தான் பார்த்தார். தோல்வி வரும்போது அதை ஒருவர் தனக்குத்தானே எப்படி விளக்கிக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி. "எனக்கு இது வராது" என்பவர் ஒரு ரகம், "அந்த ஆள் இன்றைக்கு அவசரத்தில் இருந்தார்" என்பவர் இன்னொரு ரகம். நம்பிக்கையான பக்கத்துப் பாதி, மற்றப் பாதியைவிட முதல் இரண்டு வருடத்தில் 37 சதவீதம் அதிகம் விற்றது. கமிஷன் அட்டவணை இரண்டு பாதிக்கும் ஒன்றேதான்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று. புது ஏஜென்ட் சாயங்காலம் வந்தால் எத்தனை பாலிசி என்று கேட்பதில்லை. யார் வேண்டாம் என்றார், என்ன சொல்லி வேண்டாம் என்றார் என்று கேட்பேன். அவர் சொல்லச் சொல்ல அவருக்கே தெரிந்துவிடும், ஒன்பதில் ஆறு பேர் அவரைத் தள்ளவில்லை, நேரத்தைத்தான் தள்ளியிருக்கிறார்கள் என்று. அடுத்த நாள் ஆள் வருவார். இதை நான் செய்யாத மாதங்களில் ஆட்கள் கழன்றுகொண்டார்கள், இது என் அனுபவம்.

இன்னொன்று, விருது. சிலர் சிரிப்பார்கள், எனக்குக் கவலை இல்லை. மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள் என்று ஒன்று 1927-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 32 பேர் கூடி ஆரம்பித்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஏஜென்ட்கள் அந்த உறுப்பினர் அடையாளத்துக்காக வருடம் பூராவும் ஓடுகிறார்கள். அதற்குக் கையில் யாரும் காசு தருவதில்லை, சொல்லப்போனால் சந்தா நாம்தான் கட்ட வேண்டும். அப்புறம் எதற்கு ஓடுகிறார்கள்? தன் தொழிலைத் தெரிந்தவன் தன்னை மதிக்க வேண்டும் என்கிற ஆசைதான்.


பேனாபிடிப்பவள் எழுதியது:

கதவுதட்டி அண்ணா, கமிஷன் ஓட வைக்கிறது, சரி. எந்தப் பக்கம் ஓட வைக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே. பிரிட்டனில் கடனோடு சேர்த்து ஒட்டி விற்ற தவணைப் பாதுகாப்புக் காப்பீடு ஞாபகம் இருக்கிறதா? வேலை போனால் கடன் தவணையைக் காப்பீடு கட்டும் என்று சொல்லி, விதிகளின்படி கிளைமே வாங்க முடியாத சுயதொழில்காரர்களுக்கும் அதை விற்றார்கள். கடைசியில் 3800 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. விற்ற ஒவ்வொருவரும் கெட்டவர் என்று நான் நம்பவில்லை. டார்கெட்டும் கமிஷனும் பிடித்துத் தள்ளிய திசையில் போயிருக்கிறார்கள்.

நான் அண்டர்ரைட்டர், அதாவது ஒரு காப்பீட்டை ஏற்பதா, என்ன விலைக்கு என்று முடிவு செய்கிறவள். எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. நான் இன்று ஒரு தொழிற்சாலைக்கு விகிதம் போட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், அது சரியா தப்பா என்று எனக்கு எப்போது தெரியும்? பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கட்டுவது) என்றால் ஐந்து வருடம், பத்து வருடம்கூட ஆகலாம். அதற்குள் நான் வேறு நிறுவனத்தில் இருப்பேன். தப்பாகப் போட்டாலும் தீப்பிடிக்காமல் போனால் நான் கெட்டிக்காரி, சரியாகப் போட்டாலும் தீப்பிடித்தால் எனக்கு மண்டகப்படி. நான் செய்கிற மிக நல்ல வேலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய விண்ணப்பம்தான், அதற்கு ஒரு தடயமும் இருக்காது. நடக்காத நஷ்டத்துக்கு யார் கைதட்டுவார்கள்?

டேனியல் கானமன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒரே விவரங்களைப் பல அண்டர்ரைட்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து விலை போடச் சொன்னார்கள். இருவர் போடும் விலைக்கு இடையே வித்தியாசம் சுமார் 10 சதவீதம் இருக்கும் என்று மேலதிகாரிகள் நினைத்தார்கள். நடுவாக வந்தது 55 சதவீதம். இதைக் கேட்டவுடன் எல்லாரும் "அண்டர்ரைட்டர்களுக்குக் கட்டுப்பாடு போதாது" என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு. வருடக்கணக்கில் பக்கத்து மேசையில் என்ன விலை போடுகிறார்கள் என்று பார்க்காமலேயே வேலை செய்திருக்கிறார்கள், முடிவு என்ன ஆனது என்று யாரும் வந்து சொன்னதும் இல்லை. எதிரொலியே இல்லாத அறையில் எவ்வளவு நேரம் சுருதியோடு பாட முடியும்?

எங்கள் இடத்தில் முன்பு மாதத்துக்கு ஒருநாள் ஒரு பழைய ஃபைலை எடுப்பார்கள். மூன்று, நான்கு வருடத்துக்கு முன்னால் எழுதியது, இப்போது கிளைம் வந்தது. எழுதியவர், கிளைம் பார்த்தவர், நஷ்டத்தை மதிப்பிட்ட சர்வேயர் மூவரும் உட்கார்ந்து பேசுவோம். குற்றம் சாட்டக்கூடாது என்பது மட்டும்தான் விதி. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் ஒரு மாதம் தயாராவேன், யாரும் சொல்லி இல்லை. புது நிர்வாகம் வந்ததும் "உற்பத்தி நேரம் வீணாகிறது" என்று நிறுத்திவிட்டார்கள். நான் வேறு இடம் தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

என்னை உண்மையில் உசுப்பியது ஒன்று உண்டு, அதிகார வரம்பு. எவ்வளவு தொகை வரைக்கும் நானே முடிவெடுக்கலாம் என்கிற எல்லை. அதை ஒருபடி உயர்த்திய அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனது பதவி உயர்வு கிடைத்த மாதிரிதான். சம்பளம் ஒரு பைசா மாறவில்லை. புதுத்தலை, உங்கள் சிக்கலான கிளைம் பார்க்கிற பெண்ணுக்கு எவ்வளவு வரைக்கும் கையெழுத்து அதிகாரம்?


புதுத்தலை எழுதியது:

மற்ற எல்லாருக்கும் இருக்கிற அதே வரம்புதான். இதுவரை யோசித்ததே இல்லை. அவர் எழுதுகிற குறிப்பை ஒரு வார்த்தை மாற்றாமல் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்பதும் இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆனால் டீமில் ஆறு பேருக்கு வேலையே விவரம் பதிவது. முகவரி, வங்கிக் கணக்கு எண், ஆஸ்பத்திரி பில்லில் இருக்கிற வரிகள். அதில் என்ன அதிகாரம் கொடுப்பது, என்ன அர்த்தம் காட்டுவது? அவர்களுக்காவது எண்ணிக்கைக்குப் பணம் என்று வைக்கலாம் இல்லையா?


கோப்புக்கட்டு எழுதியது:

அவசரப்படாதீர்கள். சரியாக இந்த வேலைக்கு, இந்தத் துறையிலேயே, ஒரு பழைய சோதனை இருக்கிறது. ட்ராவலர்ஸ் என்கிற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தில் அட்டையில் துளையிட்டு விவரம் பதிகிற பிரிவு. ஹேக்மன், ஓல்டம் முதலிய ஆய்வாளர்கள் 1975-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அப்போது எப்படி நடந்தது என்றால், எந்தத் துறையிலிருந்து வேலை வந்தாலும் ஒரு ஆள் வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களிடம் கொடுப்பார். பதிகிறவருக்கு அது யாருடையது, எதற்கு என்று தெரியாது. தப்பு இருந்தால் அதைத் திருத்துவது வேறு யாரோ. உங்கள் ஆறு பேரும் இப்படித்தானே வேலை செய்கிறார்கள்? நான் பார்த்த அலுவலகங்கள் எல்லாமே அப்படித்தான்.

சோதனையில் அவர்கள் இன்சென்டிவ் பக்கம் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் சில துறைகளை நிரந்தரமாக ஒதுக்கினார்கள், அந்தத் துறையின் வேலை முழுக்க அவருடையது. காகிதத்தில் சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர் மூலமாக இல்லாமல் நேரே அந்தத் துறையோடு பேசலாம். தப்பு நடந்தால் அது பதிந்தவருக்கே திரும்பி வரும், அவரே திருத்துவார். வாரத்துக்கு ஒருமுறை தப்பு விகிதம், வேலை அளவு அவர் கைக்கே நேராக வரும். எந்த வேலையை எப்போது செய்வது என்பதை அவரே திட்டமிடுவார்.

இப்படி மாற்றிய குழுவில் வேலை அளவு ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. ஒன்றும் மாற்றாமல் ஒப்பிட்டுப் பார்த்த குழுவில் சுமார் 8 சதவீதம்தான். வேலைக்கு வராமல் இருப்பது முதல் குழுவில் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது, மற்றக் குழுவில் கூடிவிட்டது. தப்பும் குறைந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தப்பு திரும்பி வருகிற விஷயம். முதலில் கேட்டால் தண்டனை மாதிரி இருக்கும். உண்மையில் என் தப்பை வேறொருவர் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் என் வேலை எனக்குச் சொந்தமில்லை என்று அர்த்தம். என்னிடமே வந்தால், சரி, இது என்னுடையது.

ஆக ஆறு பேருக்கும் ஃபைலைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி பங்கிடாதீர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் பில் எல்லாம் ஒருவருக்கு என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் அந்த ஆஸ்பத்திரி பில்லில் எந்த வரி வழக்கமாகத் தப்பாக வரும் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.


ஹெட்ஃபோன் எழுதியது:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். முதலில் சிஸ்டத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு கிளைம் நிலை என்ன என்று சொல்ல நான் ஐந்து திரை மாற்ற வேண்டும், அதில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், எதிர்முனையில் ஆபரேஷன் முடிந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாமல் ஒருவர் ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்பார். அந்த நேரத்தில் என் ஊக்கம் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று யாரும் பேசவில்லை. இல்லை என்று சொல்கிற வேலை. கிளைம் நிராகரிப்பைச் சொல்கிற வாய் என்னுடையது. காரணம் நியாயமாக இருந்தால் திட்டு வாங்கினாலும் தூக்கம் வரும். சென்ற வருடம் ஒரு வகை நிராகரிப்பு வந்துகொண்டே இருந்தது, அறிவித்தது தாமதம் என்று. மனிதர் ஐசியூவில் கிடந்திருக்கிறார், யார் அறிவிப்பது? நான் மேலே எழுதினேன். பதில் "விதி அப்படி". இன்னும் இரண்டு முறை எழுதினேன். அதற்கப்புறம் எழுதவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்றாவது பதிலுக்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். மதிப்பெண் எல்லாம் நன்றாகத்தான் வரும், அழைப்பு நேரம் குறைவு, வணக்கம் நன்றி எல்லாம் சரியாகச் சொல்வேன்.

ஆடம் கிரான்ட் என்பவர் 2007-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார், அது காப்பீடு இல்லை, பல்கலைக்கழகத்துக்கு ஃபோனில் நன்கொடை கேட்கிறவர்கள். உதவித்தொகை வாங்கிய மாணவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் ஃபோனில் செலவழித்த நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. நம் துறையில் எதிர்முனையில் இருக்கிற மனிதர் தினமும் பேசுகிறார். ஆனால் கோபமாக இருக்கும்போது மட்டும்தான் பேசுகிறார். பணம் கைக்குப் போய்ச் சேர்ந்தவர் ஏன் நம்மைக் கூப்பிடப் போகிறார்? பணம் சேர்ந்த பிறகு ஒருமுறை நாங்களே அழைத்து, வந்ததா என்று கேட்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அழைப்புச் செலவு என்று சொல்லிவிட்டார்கள்.


கதவுதட்டி எழுதியது:

பேனாபிடிப்பவள் தங்கச்சிக்கு: அந்த பிரிட்டன் விவகாரத்தில் எனக்குப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல் வருடக் கமிஷன் பெரிதாகவும் ரினியூவல் கமிஷன் (அடுத்தடுத்த வருடங்களில் பாலிசி தொடர்வதற்கு வருவது) பொடியாகவும் இருக்கிற வரைக்கும் இது நடக்கும். விற்றுவிட்டு மறந்துவிடலாம் என்று அட்டவணையே சொல்கிறது. என் ஆட்களில் பாலிசி மூன்று வருடம் நீடித்தால் கூடுதல் பங்கு என்று என் பங்கிலிருந்து பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன். முதல் ஆறு மாதம் விற்பனை விழுந்தது, மேலே இருப்பவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஏஜென்ட்கள் பழைய வாடிக்கையாளரை வருடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். விற்பனை பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். பணம் கட்டாமல் பாலிசி லாப்ஸ் ஆவது மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

ஹெட்ஃபோன், உங்களுடையதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் விற்றதற்கு நீங்கள் திட்டு வாங்குகிறீர்கள்.


முப்பதுவருடக்கிளைம் எழுதியது:

ஹெட்ஃபோன் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியம் என்பேன். நான் பார்த்தவரை நல்ல ஊழியர் சம்பளம் குறைவு என்று முதலில் மனம் விடுவதில்லை. சரியில்லாத ஒன்றைச் சொல்லி, அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாதபோதுதான் விடுகிறார். அதற்கு அப்புறம்தான் அவருக்குச் சம்பளம் குறைவு என்று தெரிய ஆரம்பிக்கும். வெளியேறும்போது காரணம் கேட்டால் சம்பளம் என்றுதான் எழுதிக் கொடுப்பார், நாமும் அதை நம்பிச் சம்பள ஆய்வு நடத்துவோம்.

புதுத்தலை, அந்தப் பெண்ணின் மாற்றல் கடிதத்தை மேலே அனுப்பிவிட்டீர்களா?


புதுத்தலை எழுதியது:

இல்லை சார், என் மேசையில்தான் இருக்கிறது. நேற்று அவரோடு உட்கார்ந்து பேசினேன். பலகை பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பலகையைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார், இந்த "ஒரு ஆவணம்" கடிதங்கள் தவறாகப் போகின்றன என்று. எனக்குத்தான் அனுப்பியிருக்கிறார். நான் "பார்க்கிறேன்" என்று பதில் போட்டு மறந்துவிட்டேன்.

பலகையைக் கழற்றியாகிவிட்டது. கையெழுத்து வரம்பை உயர்த்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், கிடைக்குமா பார்க்கலாம். பதிவு செய்கிற ஆறு பேரில் இரண்டு பேர் மட்டும் ஆஸ்பத்திரி வாரியாகப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள், மற்றவர்கள் "இன்சென்டிவ் போய்விடுமா" என்று முதல் கேள்வி கேட்டார்கள். அதற்கு இன்னும் பதில் வைத்திருக்கவில்லை, அந்தத் தொகையை நம்பித் தவணை கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார்.

பெரியவரிடமும் கேட்டேன், அந்தப் பழக்கம் யார் கொடுத்தது என்று. ரொம்ப நேரம் யோசித்தார். அவர் சேர்ந்த புதிதில் ஒருவர், ஃபைலை மூடும் முன்னால் கடைசிப் பக்கத்தில் பணம் யார் கைக்குப் போகிறது என்று பெயரைப் பென்சிலால் எழுதச் சொல்வாராம். கம்ப்யூட்டர் வந்தும் இவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். நோட்டைக் காட்டினார். பதினோராவது நோட்டு.

இன்று சாயங்காலம் நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து போன மாதம் போன "ஒரு ஆவணம்" கடிதங்களில் 40-ஐ எடுத்துப் பார்த்தோம்.


பேனாபிடிப்பவள் எழுதியது:

அந்த 40-இல் எத்தனைக்கு ஆவணம் உண்மையிலேயே தேவைப்பட்டது?


புதுத்தலை எழுதியது:

7. மீதி 33 பேருக்கும் திங்கட்கிழமை ஃபோன் செய்கிறோம். முதல் பத்து என்னுடையது.